பருத்திமாருக்கு நல்ல தண்ணீர்

டாக்டர் ராஜதுரைக்குத் தூத்துக்குடியில் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: சாயங்காலம் மதராசுக்குப் புறப்படும் ரயில். மற்றபடி இந்த ஊர் வெயில், கருவாட்டு வாடை, உப்பளத்துப் புழுதி, 'ஏலே' என்று கூப்பிட்டுக்கொள்ளும் ஜனங்கள் எல்லாமே அவருக்குக் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோக வேண்டிய சமாச்சாரங்கள். அப்பேர்ப்பட்ட மனுஷரைக் கொண்டுவந்து, துறைமுகம் போகும் சாலையில் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியில் உட்காரவைத்து, வாசலில் 'விவசாயக் கழிவுப்பொருள் ஆய்வு நிலையம்' என்று போர்டும் மாட்டியிருந்தார்கள். 'கழிவு' என்று எழுதிய இடத்தில் காக்கை எச்சமிட்டிருந்தது. துடைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆய்வு என்றால் பெரிய ஆய்வு. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடிந்ததும் மிஞ்சி நிற்கும் காய்ந்த செடியைப் பருத்திமார் என்பார்கள். அதை லாரியில் கொண்டுவந்து ஊறவைத்து, பட்டையை உரித்து, நறுக்கி, காயவைத்து, பசை கலந்து, சூடான இயந்திரத்தில் வைத்து அழுத்தினால் பலகை. மரத்தை வெட்டாமலே மரப்பலகை. காடு பிழைக்கும், ஏழை வீட்டுக்கு மச்சு கிடைக்கும், விவசாயிக்கு வாழ்வு வரும் என்று டாக்டர் ராஜதுரை மேடையில் பேசுவார். ஜெர்மனியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கண்ணைத் திறந்து அவர் ஒரு பருத்திமாரைப் பார்த்து யாரும் பார்த்ததில்லை.

இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தவள் அமலோற்பவம். அவள் தருவைகுளத்துக்காரி. கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, கன்னியாஸ்திரீகளிடம் படித்து, கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கியவள். வயது முப்பத்துமூன்று. நிலையம் தொடங்கிய எழுபத்தொன்றாம் வருஷத்திலிருந்து தற்காலிக ஆய்வக உதவியாளர். ஒரு ஆள் ஆறு வருஷம் தற்காலிகமாக இருக்க முடியும் என்பதைச் சர்க்காரைத் தவிர வேறு யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த ஆறு வருஷத்தில் மூன்று இயக்குநர்களைப் பார்த்துவிட்டாள். முதலாமவர் தூங்கினார். இரண்டாமவர் வருகிறவர் போகிறவர்களுக்கு ஜாதகம் பார்த்தார். மூன்றாமவர் இந்த ராஜதுரை. எந்தப் பசை, எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம் என்று கையைச் சுட்டுக்கொண்டு கண்டுபிடித்தவள் அவள். டெல்லிக்குப் போய் அதைக் கட்டுரையாக வாசித்து மாலை போட்டுக்கொண்டவர் அவர். கட்டுரையின் கடைசியில் 'உதவிய ஊழியர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை டைப் அடித்ததும் அவள்தான். நிலையத்தில் டைப் தெரிந்தவர் வேறு யாருமில்லை.

கையெழுத்து விஷயத்தில் டாக்டர் ராஜதுரை ஒரு மகான். என்ன காகிதத்தை வைத்தாலும் கீழே ஒரு கொடி மாதிரி இழுத்துவிட்டுப் போய்விடுவார், வாசிக்க மாட்டார். ஒரு தடவை அமலோற்பவம் வேண்டுமென்றே காலாண்டு அறிக்கையில் 'இந்த மூன்று மாதமும் இயக்குநர் ஆய்வுக்கூடத்துக்குள் கால் வைக்கவில்லை' என்று ஒரு வரி சேர்த்து நீட்டினாள். அதற்கும் கொடி விழுந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது அவளுக்கு. பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு அடித்துவைத்தாள். தைரியம் இல்லாததால்தான் கிழித்தாள், ஆனால் தனக்குப் பெருந்தன்மை ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டாள்.

அவள் கண்ணுக்கு அந்தக் காம்பவுண்டுக்குள் ஒருத்தரும் தேற மாட்டார்கள். ஸ்டோர் கீப்பர் எஸ்றா ஒரு சாக்கு மூட்டை. எங்கே வைத்தாலும் அங்கேயே இருப்பான். மார் ஊறவைக்கும் பேச்சித்தாயோ மண்டூகம். விளாத்திகுளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார் ஏற்றிவந்த லாரியிலேயே ஏறி வந்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். உப்பளத்து ஓரத்தில் ஒரு குடிசையில் இருந்துகொண்டு தினக்கூலிக்கு இங்கே வந்தாள். அவளுக்கு இந்த ஆராய்ச்சியைப் பற்றிக் கொஞ்சமும் மரியாதை கிடையாது. பளபளவென்று இயந்திரத்திலிருந்து இறங்கும் பலகையை 'வரட்டி' என்பாள்.

"எங்க ஊர்ல வருசம் பூரா அடுப்பெரியுதே இந்த மார வச்சுத்தாம்மா. கழிவுன்னு எவன் சொன்னான்? லாரி வந்து அள்ளிட்டுப் போனதுலேர்ந்து எங்க அக்காளுக முள்ளு வெட்டப் போறாளுக" என்று ஒருநாள் சொன்னாள்.

"ஒனக்கு இதெல்லாம் வெளங்காதுளா. நீ சோலியப் பாரு" என்று அமலோற்பவம் முடித்துவிட்டாள்.

தினமும் ஏதாவது ஒன்றுக்குப் பேச்சித்தாயைச் சத்தம் போடுவது அவளுக்குக் காலை நேரக் காப்பி மாதிரி. மேலே உள்ளவரைத் திட்ட முடியாதவர்கள் கீழே உள்ளவரைத் திட்டித்தானே நாளை ஓட்ட வேண்டும். அதை அமலோற்பவம் கண்டிப்பு என்று நினைத்திருந்தாள்.

எழுபத்தேழாம் வருஷம் சித்திரையில் ஒரு நல்ல காலம் வந்தது. புதுத் துறைமுகத்தில் தொழிலாளர் குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். கூரைக்கு உள்பக்கம் மச்சு அடிக்கத் தேக்குக்கும் பணமில்லை, அஸ்பெஸ்டாஸும் போதவில்லை. நிலையத்துப் பலகையை ஓர் அறையில் அடித்துப் பார்க்கலாம், ஒரு மழைக்காலம் தாங்கினால் முந்நூறு வீட்டுக்கும் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். பலகை தேறினால் அமலோற்பவத்தின் வேலை நிரந்தரம். மதராஸ் தலைமையகம் அதை எழுத்திலேயே கொடுத்திருந்தது. தேறாவிட்டால் நிலையத்துக்கே பூட்டு. டாக்டர் ராஜதுரைக்கு இரண்டும் ஒன்றுதான். அவருக்கு டெல்லியில் நாற்காலி தயாராகிக்கொண்டிருந்தது.

அவள் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தாள். செய்முறைத் தாளைப் புதிதாக எழுதி, டைப் அடித்து, சுவரில் ஒட்டினாள். 'மாரை நல்ல தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறவைக்கவும்' என்பது அதில் முதல் வரி. அதற்காகவே தலைமையகத்தோடு மல்லுக்கட்டி, வாரத்துக்கு இரண்டு தடவை தாமிரபரணித் தண்ணீர் கொண்டுவர ஒரு டாங்கர் லாரியும் வாங்கியிருந்தாள். நிலையத்துக் கிணற்றில் ஊறுவது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. டாங்கர் வரும் நாளில் உப்பளத்துக் குடிசைப் பெண்கள் குடத்தோடு வந்து கேட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குழாயை மடக்கும்போது மிஞ்சுகிற தண்ணீர் அவர்களுக்கு. எஸ்றா அதை ராஜா மாதிரி நின்று ஊற்றுவான்.

வைகாசியில் முதல் லோடு மார் வந்து இறங்கியது. ஆனி, ஆடியில் பலகைகள் வரிசையாக இறங்கின. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று சுள்ளென்று வீசிக்கொண்டிருந்த காலம். ஈரத் துணி அரைமணியில் முறுகிப்போகும். பலகையை விரலால் சுண்டினால் வெண்கலப் பாத்திரம் மாதிரி சத்தம் வந்தது. தண்ணீரில் போட்டு எடுத்தாள், எடையை ஏற்றிப் பார்த்தாள், ஆணி அடித்துப் பிடுங்கினாள். எல்லாவற்றுக்கும் நின்றது. ஆவணியில் பன்னிரண்டு பலகைகளைக் குடியிருப்பில் ஓர் அறைக்கு மச்சாக அடித்துவிட்டு வந்தார்கள். அன்றைக்கு அமலோற்பவம் மாதாகோயிலில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். டாக்டர் ராஜதுரை டெல்லிக்கு ஒரு தந்தி கொடுத்தார்.

ஐப்பசி பிறந்தது. காற்று திரும்பிக் கொண்டலாக வீச ஆரம்பித்தது. கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று அது. மழை நாலு நாள் கொட்டியது. ஐந்தாம் நாள் துறைமுகத்திலிருந்து, மச்சைப் பார்க்க வரலாம் என்று ஆள் வந்தது.

துறைமுக எஞ்சினியர் ஜேசுபாதம் இந்த ஊர்க் கடற்கரைத் தெருவில் பிறந்தவர். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். வாயில் எப்போதும் ஒரு பாக்கு. அவர் அறைக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். டாக்டர் ராஜதுரை டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தார். அவர் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

மழை ஒழுகியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். மேலே கான்கிரீட் கூரை காய்ந்து கிடந்தது. வியர்த்துக்கொண்டிருந்தது பலகைதான். பன்னிரண்டும் உப்பித் தொங்கின. ஆணித் தலைகளிலிருந்து துருத் தண்ணீர் கோடு கோடாக இறங்கியிருந்தது. ஒரு மூலையில் பலகை பிளந்து, உள்ளேயிருந்து மார் நறுக்குகள் எட்டிப் பார்த்தன.

ஜேசுபாதம் ஸ்டூலில் ஏறினார். பலகையில் ஒரு விரலைத் தேய்த்தார். வாயில் இருந்த பாக்கை வெளியே துப்பிவிட்டு, விரலை நாக்கில் வைத்தார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை அமலோற்பவம் சாகும்வரை மறக்க மாட்டாள்.

"என்ன பிள்ள அமலி, பலகை செய்தீங்களா, ஊறுகா போட்டீங்களா?" என்றார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். "உப்புல்லா சார். சும்மா நக்கிப் பாருங்க. இந்த ஊர்ல கொண்டல் அடிச்சா உப்புச் சாடி தன்னால கசியும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜெர்மனியில கொண்டல் கெடையாதோ?"

டாக்டர் ராஜதுரை நக்கவில்லை. கைக்குட்டையை எடுத்தார். அமலோற்பவம் ஏறி விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாள். கரித்தது. பட்டம் வாங்கியவள், தருவைகுளத்தில் பிறந்தவள், நாலு மாதமாக அந்தப் பலகையை அறுத்தும் உடைத்தும் பார்த்தவள், ஒருநாளும் அதை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. கச்சான் அடித்தவரைக்கும் உப்பு உள்ளே காய்ந்து கிடந்திருக்கிறது. காற்று திரும்பியதும் ஈரத்தை இழுத்துக்கொண்டு கரைந்துவிட்டது. காரணம் ஒரு நொடியில் பிடிபட்டது. யார் காரணம் என்பதும் அதே நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மண்டூகம், பேச்சித்தாய். செய்முறைத் தாளில் முதல் வரியே நல்ல தண்ணீர் என்று கத்துகிறதே. அவளுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, நானே வாயால் சொல்லியிருக்கிறேனே என்று ஜீப்பில் திரும்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

விசாரணை டாக்டர் அறையில் நடந்தது. பேச்சித்தாய் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அமலோற்பவம் நோட்டும் பேனாவுமாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு இவள் என்ன உளறப்போகிறாள் பார்ப்போம் என்று காத்திருந்தாள் என்றே சொல்ல வேண்டும். அதில் அவளுக்கு ஒரு ருசிகூட இருந்தது.

"மாரை எந்தத் தண்ணியில ஊறவச்சே?" என்றார் டாக்டர்.

"கெணத்துத் தண்ணிலதான், ஐயா."

"டாங்கர் தண்ணி எதுக்கு வருது? உன்னைக் குளிப்பாட்டவா? கிணத்துத் தண்ணியை எடுக்கச் சொல்லி யார் சொன்னா?"

பேச்சித்தாய் தரையைப் பார்த்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தி அமலோற்பவத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் தரையைப் பார்த்தாள். அவ்வளவுதான். அந்த ஒரு பார்வையில் அமலோற்பவத்தின் பேனா நின்றுபோயிற்று.

வைகாசி மாதம், முதல் லோடு இறங்கிய நாள். உச்சிவெயில். டாங்கர் வந்துபோயிருந்தது. கேட்டுக்கு வெளியே குடத்தோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சித்தாய் டிரம்மிலிருந்து நல்ல தண்ணீரை வாளி வாளியாக மொண்டு, மார் அடுக்கிய தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சொன்னபடிதான் செய்துகொண்டிருந்தாள். அமலோற்பவம் அந்தப் பக்கமாக வந்தவள், நல்ல தண்ணீர் குப்பையில் விழுகிற சத்தத்தைக் கேட்டதும் அலறினாள். "ஏளா! ஒனக்குக் கூறு இருக்கா? குடிக்கித தண்ணிய அள்ளிக் குப்பைல ஊத்துத! அங்கன கெணறு கெடக்கது கண்ணு தெரியலியா?"

யோசித்துச் சொன்னதில்லை அது. தருவைகுளத்தில் எந்த வீட்டிலும் நல்ல தண்ணீர்ப் பானை தனியாக, தட்டுப் போட்டு மூடி, தனிச் செம்போடு இருக்கும். குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர். ஏழு வயதில் சிலேட்டை நல்ல தண்ணீரில் கழுவியதற்கு அம்மா அகப்பையால் அடித்த அடியில் முழங்கை வீங்கிப்போயிற்று அவளுக்கு. கெமிஸ்ட்ரி அதற்கப்புறம் வந்தது, அதற்கு மேலாகப் போய் உட்கார்ந்தது, அவ்வளவுதான். கத்திவிட்டு உள்ளே போய், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, 'நல்ல தண்ணீரில் ஊறவைத்த மார்' என்று அன்றைய குறிப்பை எழுதியவளும் அவள்தான். இரண்டும் ஒரே நாளில், ஒரே வாயும் கையும் செய்த வேலை என்பது ஐந்து மாதமாக அவளுக்கு உறைக்கவேயில்லை. பேச்சித்தாய் மட்டும் அன்றிலிருந்து சொன்ன சொல் தவறாமல் கிணற்றில் இறைத்து ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். மிஞ்சிய டாங்கர் தண்ணீரெல்லாம் கேட்டுக்கு வெளியே இருந்த குடங்களுக்குப் போயிருக்கிறது.

"எழுதிக்கோ, அமலோற்பவம்," என்றார் டாக்டர். "எழுத்தறிவில்லாத கூலியின் கவனக்குறைவு. அவளை இன்றோடு நிறுத்திவிட்டோம். மறுபடி சோதிக்க மூணு மாசம் டைம் வேணும். கேட்டாக் குடுப்பாங்க. உன் பெர்மனென்ட்டுக்கும் நான் ரெக்கமண்ட் பண்ணி எழுதிட்டுப் போறேன். நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

அமலோற்பவம் எழுந்து வெளியே வந்தாள். பேச்சித்தாய் தொட்டிக்கரையில் உட்கார்ந்து, கூலிக்கு வரும்போது கொண்டுவரும் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீரில்தான்.

"நீ ஏன்ளா சொல்லல?"

"எதச் சொல்ல?"

"நான்தான கெணத்துத் தண்ணிய ஊத்தச் சொன்னேன்."

பேச்சித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "அது புத்தியுள்ள பேச்சுல்லாம்மா. இந்தக் காம்பவுண்டுக்குள்ள வந்த நாள்லேர்ந்து நீங்க சொன்னதுல எனக்கு வெளங்குனது அது ஒண்ணுதான். அதப் போயித் தப்புன்னு அந்த மனுசன்ட்ட ஒப்பிக்கவா? நல்ல தண்ணிய மாருல ஊத்துனா எங்க ஊர்ல செருப்பால அடிப்பாக. ஒங்க ஊர்லயும் அப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

அமலோற்பவத்துக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட எரிச்சலாக இருந்தது. இத்தனை நாள் எல்லாரையும் பார்த்து உதட்டைச் சுழித்த சுழிப்பு மொத்தமும் திரும்பித் தன்மேலேயே வந்து விழுந்த மாதிரி இருந்தது. நேராக டாக்டர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் ராஜதுரை சூட்கேஸில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். டெல்லி உத்தரவு காலையிலேயே வந்திருந்தது. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"உனக்கென்ன பைத்தியமா? உன் பேரைப் போட்டா அது ஆய்வகத்தோட தப்பு. அப்புறம் என் தப்பு. அவ பேரைப் போட்டா யார் தப்பும் இல்லை. புரியுதா? போய் டைப் பண்ணு. ஏழு மணிக்கு ரயில்."

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. பேச்சித்தாய் செய்த தப்பு மழை மாதிரி, வெயில் மாதிரி, யாரும் பொறுப்பேற்க வேண்டாத தப்பு. ஒரு ஆளை ஆளாகவே எண்ணாதவர்களால்தான் இப்படி வசதியாக யோசிக்க முடியும். இந்த மனுஷர் மேல் அவளுக்கு இருந்த இளக்காரமெல்லாம் அந்தக் கணத்தில் அருவருப்பாக மாறியது. கூடவே, இன்று காலைவரை தானும் இதே கணக்கில்தான் இருந்தோம் என்பதும் உறைத்தது.

டைப்ரைட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். ஒன்றரைப் பக்கம் அடித்தாள். டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தையையும் போடவில்லை. 'செய்முறையில் நல்ல தண்ணீர் என்று எழுதியது நான். உப்புத் தண்ணீரை ஊற்றச் சொன்னதும் நான். தொழிலாளி பேச்சித்தாய் இரண்டு தடவையும் சொன்னபடி செய்தார். பலகையில் குறையில்லை, தண்ணீரில்தான் குறை. நல்ல தண்ணீரில் ஊறவைத்து இன்னொரு தடவை செய்து பார்க்க அனுமதி வேண்டும்' என்று அடித்து, அடியில் தன் முழுப் பெயரையும் போட்டாள். கீழே இயக்குநர் கையெழுத்துக்கு இடம் விட்டாள்.

ஆறு மணிக்கு வாசலில் டாக்ஸி நின்றது. டாக்டர் ராஜதுரை ஒரு காலை வண்டிக்குள் வைத்துக்கொண்டு, இன்னொரு கால் தரையில் இருக்க, அவள் நீட்டிய காகிதத்தை வாங்கினார்.

"நான் சொன்னபடிதானே?"

"வாசிச்சுப் பாருங்க சார்," என்றாள் அமலோற்பவம். உண்மையிலேயே வாசிக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அவர் சிரித்தார். கொடி மாதிரி இழுத்தார். டாக்ஸி புழுதியைக் கிளப்பிக்கொண்டு ரயிலடிக்குப் போயிற்று. இந்த முறை எழுதியது கிழிபடவில்லை. மறுநாள் தபாலில் போயிற்று.

பதினெட்டாம் நாள் மதராஸிலிருந்து பதில் வந்தது. துறைமுகம் இரண்டாவது சோதனைக்கு மூன்று மாதம் கொடுத்திருந்தது. தூத்துக்குடிக்காரர் ஒருவர் தன் தப்பைத் தானே எழுதி இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஜேசுபாதம் சிபாரிசு செய்திருந்தாராம். பேச்சித்தாய்க்கு வேலை தொடரும். தற்காலிக ஆய்வக உதவியாளர் மட்டும் மாதக் கடைசியோடு நிறுத்தப்படுகிறார். டாக்டர் ராஜதுரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'இயக்குநர் நேர்மையாக அனுப்பிய அறிக்கையைப் பாராட்டுகிறோம்' என்று மட்டும் ஒரு வரி இருந்தது. அந்தக் கடிதத்துக்கு வரவு முத்திரை குத்த வேண்டியவளும் அமலோற்பவம்தான். குத்தினாள்.

மாதக் கடைசி நாளன்று டாங்கர் வந்தது. தொட்டியில் கட்டுக் கட்டாக மார் அடுக்கியிருந்தது. புது இயக்குநர் இன்னும் வந்து சேரவில்லை. இந்த லோடை நல்ல தண்ணீரில் போட்டுவிட்டால், உரித்து நறுக்குவதைப் பேச்சித்தாய் பார்த்துக்கொள்வாள். இயந்திரத்தை எத்தனை நிமிஷம் வைக்க வேண்டும் என்று எஸ்றாவுக்கு நாலு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டாள். அவன் நாலு தடவையும் தலையாட்டினான்.

"ஊத்துளா," என்றாள்.

பேச்சித்தாய் வாளியோடு டிரம்மின் பக்கத்தில் நின்றாள். நகரவில்லை. கேட்டுக்கு வெளியே வழக்கம்போலக் குடங்களோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் பேச்சித்தாயின் குடிசைக்குப் பக்கத்து வீட்டுக்காரிகள். இந்தத் தடவை தொட்டி நிறைய வேண்டும், மிச்சம் வராது என்று எஸ்றா அவர்களிடம் சொல்லியாயிற்று. இருந்தாலும் அவர்கள் எழுந்து போகவில்லை.

"எனக்குக் கை வரலம்மா," என்றாள் பேச்சித்தாய். பிறகு தாழ்ந்த குரலில், "எனக்காகன்னு எழுதிக் குடுத்தீகளாம்ல, எஸ்றா சொன்னாரு. என்னய நிறுத்துனா நான் உப்பு வாரப் போயிருப்பேன். நீங்க எங்க போவீக? பொழைக்கத் தெரியாத பொம்பளையா இருக்கீகளே" என்றாள். அதில் நன்றி இருந்ததா என்று அமலோற்பவத்துக்குத் தெரியவில்லை. கோபம் இருந்தது.

"எனக்குப் போக எடம் இருக்கு. நீ வாளியக் கொண்டா."

வாளியை வாங்கி டிரம்முக்குள் விட்டாள். தாமிரபரணித் தண்ணீர், கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. தூக்கும்போது கை கனத்தது. முழங்கையில் அம்மாவின் அகப்பை விழுந்த இடம் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் வலிப்பதுபோல இருந்தது. இது சரி என்று அறிவு சொன்னது. இது பாவம் என்று கை சொன்னது. குடத்தோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தாள், பார்த்தாள்.

மாரின் மேல் நல்ல தண்ணீரைக் கவிழ்த்தாள். காய்ந்த குச்சிகள் அதைச் சத்தமில்லாமல் குடித்தன.

கேட்டுக்கு வெளியே ஒருத்தி, "படிச்ச முண்டைக்கு வந்த கொழுப்பப் பாரு," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். இன்னொருத்தி காறித் துப்பினாள்.

அமலோற்பவம் இரண்டாவது வாளியை மொண்டாள்.